தீர்ந்துபோன தலைப்புகள்

புதுக்கவிதைக்குத் தலைப்பு அவசியமா என்று நம்மிடையே ஒரு காலத்தில் நடந்த சர்ச்சை எனக்கு நினைவிருக்கிறது. அது ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் தாங்கவில்லை. ஆனால் ஜேம்ஸ் பாண்ட் என்ற ஆங்கில உளவாளியின் அடுத்த படத்துக்கு என்ன பெயர் வரும், என்ன வரவேண்டும், எது வரவே கூடாது என்று ஒரு கூட்டம் பல தலைமுறைகளாக ஓயாமல் வாதாடிக்கொண்டிருக்கிறது. கதை எழுதப்படுவதற்கு முன்பே பெயருக்கான சண்டை தொடங்கிவிடுகிறது. இது வியாபார சினிமாவின் உபரி உற்பத்தி, இதைப்பற்றி நம் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடியவர்களில் நானும் ஒருவனாகத்தான் இருந்தேன். இந்தத் தலைப்புகளின் சரித்திரத்தை வரிசையாகப் பார்த்த பிறகு அந்த அலட்சியம் எனக்குச் சாத்தியமாக இல்லை. ஒரு எழுத்தாளன் செத்த பிறகு அவன் விட்டுப்போன சொற்கள் யாருடையவை என்ற கேள்வி இதில் இருக்கிறது. அதைச் சினிமாக் கம்பெனிக்காரர்களைவிட ரசிகர்கள் தீவிரமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இயான் ஃப்ளெமிங் 1952இல் ஜமைக்காவில், 'கோல்டன்ஐ' என்று தாமே பெயர் சூட்டிய வீட்டில், முதல் பாண்ட் நாவலை எழுதினார். 'கஸீனோ ராயல்' 1953 ஏப்ரலில் வெளிவந்தது. 1964 ஆகஸ்டில் சாகிறவரை ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு புத்தகம். மொத்தம் பன்னிரண்டு நாவல்கள், இரண்டு கதைத் தொகுதிகள். கடைசி நாவலும் இரண்டாவது தொகுதியும் அவர் இறந்த பிறகு வந்தவை. அவரை இலக்கியாசிரியர் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பாடு, சிகரெட், கார் இவற்றின் மீது ஒரு மோகம். பெண்களையும் பிற இனத்தவரையும் பற்றி அசட்டுத்தனமான, சில இடங்களில் அருவருப்பான ஒரு பார்வை. ஆனால் தலைப்பு விஷயத்தில் அவருக்கு ஒரு காது இருந்தது. வழக்கில் தேய்ந்துபோன தொடரை எடுத்து அதில் ஒரே ஒரு சொல்லைத் திருப்பிவைப்பார். வாழு, பிறரையும் வாழவிடு என்பது அவர்களுடைய மூதுரை. அவர் கையில் அது 'லிவ் அண்ட் லெட் டை' ஆயிற்று. வாழு, பிறரைச் சாகவிடு. மனிதனுக்கு ஒரு வாழ்வுதான் என்பது 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' ஆயிற்று.

இந்த இரண்டாவது தலைப்பு நம் கவிஞர்களுக்கு ஸ்வாரஸ்யமாக இருக்கும். 1964இல் வந்த அந்த நாவல் ஜப்பானில் நடப்பது. நாவலின் முகப்பில் ஒரு சிறு கவிதை. பாஷோவைப் பின்பற்றி எழுதியது என்று குறிப்பு. ஹைக்கூவின் கட்டுக்கோப்பு எதுவும் அதில் கிடையாது. கதைக்குள் பாண்டே எழுதிப் பார்க்கும் கவிதை அது. ஆக, 1967இல் உலகம் முழுவதும் சுவர்களில் ஒட்டப்பட்ட அந்தப் படத்தின் பெயர், ஒரு அமெச்சூர் ஆங்கிலேயர் ஹைக்கூ என்று நினைத்துக்கொண்டு எழுதிய வரியின் துண்டு. பாஷோவின் பெயர் இப்படியும் பயணம் செய்திருக்கிறது.

'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1956) ஒரு விளம்பர வாசகத்திலிருந்து வந்தது. டி பியர்ஸ் வைரக் கம்பெனிக்காக 1947இல் ஃப்ரான்ஸஸ் கெரட்டி என்ற விளம்பர எழுத்தாளர் எழுதிய வாசகம். ஒருமையில் இருந்த வைரத்தை ஃப்ளெமிங் பன்மையாக்கினார், அவ்வளவுதான். 'கோல்ட்ஃபிங்கர்' (1959) எர்னோ கோல்ட்ஃபிங்கர் என்ற லண்டன் கட்டிடக் கலைஞரின் பெயர். தங்கப் பைத்தியம் பிடித்த வில்லனுக்குத் தன் பெயரா என்று அவர் வக்கீலிடம் போனார். ஃப்ளெமிங்குக்குக் கோபம் வந்து, பெயரை ஆபாசமாக மாற்றிவிடுகிறேன், அதை விளக்கி நூலில் ஒரு சீட்டும் செருகுகிறேன் என்றாராம். கடைசியில் பதிப்பாளர் வக்கீல் செலவைக் கொடுத்து, ஆறு பிரதிகளும் கொடுத்து, சமாதானம் செய்தார். ஜேம்ஸ் பாண்ட் என்ற பெயரும் இரவல்தான். மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றி 1936இல் நூல் எழுதிய அமெரிக்கப் பறவையியல் அறிஞர் ஒருவரின் பெயர் அது. ஃப்ளெமிங்குக்குச் சப்பென்று ஒரு பெயர் வேண்டியிருந்தது, அலமாரியில் அது இருந்தது.

தலைப்பு ஆசிரியனுடைய சொத்து என்று நினைப்பவர்கள் அமெரிக்க மலிவுப் பதிப்புகளைப் பார்க்கவேண்டும். 1955இல் 'கஸீனோ ராயல்' அங்கே 'யூ ஆஸ்க்ட் ஃபார் இட்' என்று வந்தது, நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய் என்பதுபோல. 'மூன்ரேக்கர்' 1956இல் 'டூ ஹாட் டு ஹாண்டில்' ஆனது. இரண்டும் நம் ஊர் ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் தொங்கும் துப்பறியும் நாவல்களுக்கு வைக்கக்கூடிய பெயர்கள். விற்பனைக்காக மாற்றப்பட்ட அவை விற்பனை உலகிலிருந்தே காணாமல்போய், மூலப் பெயர்கள் திரும்பின.

வேறொரு மாற்றத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. 'லிவ் அண்ட் லெட் டை' 1954இல் லண்டனில் வந்தபோது, ஹார்லெம் பகுதியைப் பற்றிய ஐந்தாவது அத்தியாயத்தின் தலைப்பில் கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. 1926இல் வந்த கார்ல் வான் வெக்டனின் நாவல் தலைப்பை எடுத்துக்கொண்டதுதான் அது என்று சமாதானம் சொல்லலாம். அந்த நாவலே அந்தச் சொல்லுக்காகக் கண்டிக்கப்பட்டது. அமெரிக்கப் பதிப்பில் ஃப்ளெமிங்கின் சம்மதத்தோடு அந்த அத்தியாயம் 'செவன்த் அவென்யூ' என்று ஆயிற்று. 2023இல், முதல் நாவலின் எழுபதாம் ஆண்டுக்காக வந்த மறுபதிப்புகளில் இதுபோன்ற பல இடங்கள் மாற்றப்பட்டன. அப்போது ரசிகர்களிடையே எழுந்த கோபத்தை நான் கவனித்தேன். மூலம் புனிதம் என்றவர்கள் ஒரு பக்கம். ஆசிரியரே 1950களில் ஒத்துக்கொண்ட மாற்றம்தானே என்றவர்கள் ஒரு பக்கம். நூல்களின் வெளித்தலைப்புகளில் யாரும் கை வைக்கவில்லை என்பதையும் கவனித்தேன். அவை வியாபாரச் சின்னங்கள். அவற்றுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு உள்ளே இருக்கும் வாக்கியங்களுக்குக் கிடையாது.

சினிமாவுக்கு வருகிறேன். 1962இல் 'டாக்டர் நோ'. 1963இல் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' முடியும்போது திரையில் ஒரு வாக்குறுதி தோன்றியது: பாண்ட் திரும்பி வருவார், இன்ன படத்தில், என்று அடுத்த தலைப்பைச் சொல்லிவிட்டார்கள். 'கோல்ட்ஃபிங்கர்' என்று சொன்னபடியே 1964இல் வந்தது. அதற்குப் பிறகுதான் தடுமாற்றம். 'கோல்ட்ஃபிங்க'ரின் ஆரம்பப் பிரதிகள் ராணியின் ரகசிய சேவையைப் பற்றிய நாவலை அடுத்ததாக அறிவித்தன, வந்தது 'தண்டர்பால்'. ராணி 1969 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. 1977இல் 'த ஸ்பை ஹூ லவ்ட் மீ' முடிவில் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' என்று எழுதினார்கள். அதற்குள் 'ஸ்டார் வார்ஸ்' வந்து பணத்தை வாரிக்கொண்டு போய்விட்டது. விண்வெளி வேண்டும் என்று 1979இல் 'மூன்ரேக்கர்' எடுத்தார்கள். 1983இல் 'ஆக்டோபஸி' கடைசியாக ஒரு பெயரை அறிவித்தது. 1985இல் வந்தபோது அதன் முதல் சொல் காணாமல்போயிருந்தது. 'ஃப்ரம் எ வ்யூ டு எ கில்' என்பது ஒரு பழைய நரிவேட்டைப் பாட்டிலிருந்து ஃப்ளெமிங் திருகி எடுத்தது. நரியைக் கண்ணில் கண்டதிலிருந்து அது சாகிறவரை என்று பொருள் தரும். முதல் சொல் போன பிறகு 'எ வ்யூ டு எ கில்' என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கப்புறம் திரையில் பெயர் சொல்வதையே விட்டுவிட்டார்கள். பாண்ட் திரும்பி வருவார் என்பதோடு சரி. ரசிகர்களின் வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது என்று நினைக்கிறேன். வாக்குறுதியில் காலியாக விடப்பட்ட இடத்தை அவர்கள் நிரப்பத் தொடங்கினார்கள். 1970களிலேயே ரசிகர் மன்றங்களும் அவற்றுக்கான பத்திரிகைகளும் இருந்தன, நம் சிறுபத்திரிகைகள் அளவுக்கே சொற்பமான பிரதிகளோடு.

'த ஸ்பை ஹூ லவ்ட் மீ' பற்றிச் சற்று நிற்கவேண்டும். 1962இல் வந்த அந்த நாவலை ஒரு பெண் தன்மையில் சொல்கிறாள். பாண்ட் மூன்றில் இரண்டு பங்கு கழித்துத்தான் வருகிறார். ஃப்ளெமிங் செய்த ஒரே வடிவப் பரிசோதனை அது. விமர்சகர்கள் கிழித்தார்கள், அவரே வெட்கப்பட்டார். சினிமா உரிமையைக் கொடுத்தபோது, தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், கதையைத் தொடக்கூடாது என்று நிபந்தனை போட்டார். படைப்பை மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் விற்ற எழுத்தாளர்! 1977இல் வந்த படத்துக்கும் நாவலுக்கும் தலைப்பைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தத் தலைப்பில் உள்ள 'நான்' யார் என்று படம் பார்த்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. அந்தப் பெண்ணை நீக்கிவிட்டு அவளுடைய தன்மை விகுதியை மட்டும் சுவரொட்டியில் வைத்திருந்தார்கள்.

1987இல் 'த லிவிங் டேலைட்ஸ்' வந்தபோது பண்டகசாலை அநேகமாகக் காலி. 'கஸீனோ ராயல்' உரிமை வேறு கையில் இருந்தது. மிச்சம் ஐந்து சிறுகதைத் தலைப்புகள்: 'குவாண்டம் ஆஃப் ஸோலஸ்', 'ரிஸிகோ', 'த ஹில்டிப்ராண்ட் ரேரிட்டி', 'த ப்ராபர்ட்டி ஆஃப் எ லேடி', '007 இன் நியூயார்க்'. தயாரிப்பாளர்கள் இவற்றில் எதையும் தொடவில்லை. அடுத்த படத்துக்கு 'லைசென்ஸ் ரிவோக்ட்' என்று தாங்களே பெயர் வைத்தார்கள், உரிமம் பறிக்கப்பட்டது என்ற பொருளில். ஜான் கார்ட்னர் எழுதிய பாண்ட் தொடர்ச்சி நாவல் ஒன்று 1981இலேயே 'லைசென்ஸ் ரின்யூட்' என்று வந்திருந்தது வேறு. அமெரிக்காவில் ஜனங்கள் இதைக் கேட்டு மோட்டார் லைசென்ஸ் பிடுங்கப்பட்டதாக நினைத்தார்கள் என்பதால், 1989இல் அது 'லைசென்ஸ் டு கில்' ஆகியது. ஃப்ளெமிங்கின் தலைப்பு அல்லாத முதல் படம்.

அதற்குப்பின் ஆறு வருஷம் வழக்குகள், இடைவெளி. 1995இல் வீட்டின் பெயரையே எடுத்துப் படத்துக்கு வைத்தார்கள். 1997இல் 'டுமாரோ நெவர் லைஸ்' என்று ஒரு பெயர், நாளை ஒருபோதும் பொய் சொல்லாது. கதையில் 'டுமாரோ' ஒரு பத்திரிகை, ஆகவே பொருத்தம். ஃபாக்ஸில் ஒரு எழுத்து பிசகி, 'லைஸ்' 'டைஸ்' ஆகி, அந்தப் பிழையே கம்பெனிக்குப் பிடித்துப்போயிற்று என்று திரைக்கதாசிரியர் சொல்லியிருக்கிறார். நாளை சாவதில்லை என்பதற்கு அர்த்தம் யாரும் கேட்கவில்லை. அச்சுப்பிழையோடு வாழ்க்கை நடத்தும் நமக்கு இந்தக் கதையில் ஒரு ஆறுதல் உண்டு. 1999இல் வந்த 'த வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்' பாண்டின் குடும்ப வாசகம் என்று ஃப்ளெமிங் 1963 நாவலில் தந்தது. அதன் லத்தீன் மூலம் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் ஃபிலிப்பின் சின்னத்தில் இருந்தது. 1586இல் ஃப்ரான்சிஸ் டிரேக்கின் ஆட்கள் ஸாண்டோ டொமிங்கோவைக் கொள்ளையடித்தபோது கவர்னர் மாளிகையில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஸ்பெயினின் பேராசை அது என்று சிரித்த நாட்டின் உளவாளிக்கு அது குலமொழியாக வந்து சேர்ந்தது. 2002இல் வந்த 'டை அனதர் டே' ஹவுஸ்மனின் 1896 கவிதைத் தொகுப்பான 'எ ஷ்ராப்ஷயர் லாட்' பக்கம் நம்மை இழுக்கிறது. போர்முனையில் ஓடிவிடலாமா என்று யோசிக்கும் சிப்பாயின் கவிதை. படத்தில் கண்ணுக்குத் தெரியாத கார் வருகிறது.

ரசிகர்களுக்குள் பிரிவு இந்தக் காலத்தில்தான் கெட்டிப்பட்டது. சனாதனிகள் கட்சி: மிச்சமிருக்கும் தலைப்புகள் தீரும்வரை புதிது கூடாது. எதிர்க்கட்சி: 'ரிஸிகோ' என்றால் யாருக்குப் புரியும், 'த ஹில்டிப்ராண்ட் ரேரிட்டி' ஒரு மீனின் பெயர், '007 இன் நியூயார்க்' பெரும்பகுதி ஊர்சுற்றிக் குறிப்பு, அதில் பாதி முட்டை சமைக்கும் முறை. 'த ப்ராபர்ட்டி ஆஃப் எ லேடி' மட்டும் எப்போதும் பட்டியலின் மேலே நிற்கும். அது ஸதபீஸ் ஏலக் கம்பெனியின் ஆண்டு மலருக்காக 1963இல் எழுதப்பட்டது. ஏல அட்டவணைகளில் சொந்தக்காரியின் பெயரை மறைக்கப் போடும் தொடர். இன்னொரு கட்சி, தாங்களே தலைப்புகளை உற்பத்தி செய்கிறவர்கள். மரணம், நாளை, என்றென்றும், இருமுறை, தங்கம் என்ற ஐந்தாறு சொற்களைக் குலுக்கிப் போட்டால் தலைப்பு தயார். இவை பெரும்பாலும் போலி. போலி என்று கண்டுபிடிக்க முடிகிறது என்பதே ஃப்ளெமிங்குக்கு ஒரு நடை இருந்தது என்பதற்கு அத்தாட்சி. ஸ்தாபனங்களின் கல்விமான்கள் நடை என்பதற்கு இலக்கணம் தேடும்போது, இவர்கள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

இவர்களுடைய எழுத்து மரியாதை தனி விஷயம். 1957 நாவலில் 'ஃப்ரம் ரஷ்யா' என்பதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி உண்டு, படத்தில் கிடையாது. நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பது அந்தக் காற்புள்ளியைப் பொறுத்தது. லைசென்ஸில் அமெரிக்க எழுத்துக்கூட்டல் போட்டால் அடி விழும். வீட்டின் பெயரில் நடுவே பெரிய எழுத்து இல்லை, படத்தின் பெயரில் உண்டு. 'ஸ்பெக்டர்' நாவல்களில் தலைப்பெழுத்துக்களின் சுருக்கம். 2015 படத்தில் வெறும் சொல். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இல்லாத பாஷைக்காரன் நான், முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒற்று மிகுமா மிகாதா என்று நமக்குள் உறவு முறிகிற அளவுக்கு நடந்தவை ஞாபகம் வந்தன. முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதுகிறவன் கத்துகிறான் என்று அவர்களிடம் ஒரு கொள்கை. நம்மிடம் ஆச்சரியக்குறி அந்த வேலையைச் செய்கிறது. மேலே நானும் ஒன்று போட்டிருக்கிறேன்.

திருத்துகிறவனுக்கும் திருத்தப்படுகிறவனுக்கும் நடுவே என்ன உறவு இருக்கமுடியும் என்பதற்கு ஃப்ளெமிங்கின் கடிதங்களைச் சொல்லவேண்டும். அவை 2015இல் நூலாக வந்தன. 1956 மே மாதம் கிளாஸ்கோவிலிருந்து ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கி நிபுணர் எழுதினார்: பாண்ட் வைத்திருக்கும் பெரெட்டா பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்வது, உங்களுக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஃப்ளெமிங் சில நாட்களுக்குள் நன்றி சொல்லிப் பதில் எழுதினார், மேலும் கேள்விகள் கேட்டார். 1958இல் வந்த 'டாக்டர் நோ'வில் பாண்டிடமிருந்து பெரெட்டா பிடுங்கப்படுகிறது. பிடுங்குகிற அதிகாரியின் பெயர் மேஜர் பூத்ராய்ட். குறை சொன்ன வாசகனைக் கதைக்குள்ளேயே உத்தியோகத்தில் அமர்த்திவிட்டார். சினிமாவில் க்யூ என்று அறியப்படும் கிழவர் அந்த வழியில் வந்தவர். பறவையியல் அறிஞரின் மனைவி 1961இல், என் கணவர் பெயரை எடுத்துக்கொண்டீர்களே என்று எழுதியபோது, பதிலுக்கு என் பெயரை எந்த அவலட்சணமான பறவைக்கு வேண்டுமானாலும் வையுங்கள் என்று எழுதினார். 1964 பிப்ரவரியில் அந்தத் தம்பதி கோல்டன்ஐ வீட்டுக்கே வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் குற்ற உணர்வு வந்தது. பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு ஆண்டு தவறு. சின்ன ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் இன்லண்ட் கவரில், வணக்கம் போட்டு, மிகப் பணிவாக அதைச் சுட்டிக்காட்டியிருந்தார். ஆண்டு ஒரு பெரிய விஷயமா, கட்டுரையின் பார்வையை அல்லவா பேசவேண்டும் என்ற மிதப்பில் நான் பதிலே போடவில்லை. அவர் சொன்னதுதான் சரி. கடிதம் இப்போது என்னிடம் இல்லை.

2008 ஜனவரியில் அடுத்த படத்தின் பெயர் 'குவாண்டம் ஆஃப் ஸோலஸ்' என்று அறிவித்தார்கள். சனாதனிகள் வெற்றி பெற்ற நாள். ஆனால் பத்திரிகைகள் கேலி செய்தன. அர்த்தமே இல்லாத தலைப்பு என்றார்கள். ஃப்ளெமிங்கின் தலைப்புகளிலேயே அர்த்தம் நிரம்பியது அதுதான் என்பது என் கருத்து. 1960 தொகுதியில் உள்ள அந்தக் கதையில் உளவு கிடையாது, துப்பாக்கி கிடையாது. நஸ்ஸாவில் ஒரு விருந்து முடிந்து, கவர்னர் பாண்டுக்கு ஒரு தம்பதியின் கதையைச் சொல்கிறார். ஸாமர்செட் மாம் பாணி. இரண்டு மனிதர்களுக்கு நடுவே எந்த துரோகத்தையும் தாங்கலாம், மிகக் குறைந்தபட்சம் ஒரு துளி ஆறுதல் இருக்கிறவரை. அந்த அளவு பூஜ்யமானால் எல்லாம் முடிந்தது என்பது கவர்னரின் கணக்கு. விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து அலுப்பூட்டிய பெண்தான் அந்தக் கதையின் நாயகி என்று கடைசியில் தெரியும்போது, பாண்டுக்குத் தன் சாகசங்களெல்லாம் சப்பையாகத் தோன்றுகின்றன. படம் என்ன செய்தது? குவாண்டம் என்பதை ஒரு சதிகாரக் கும்பலின் பெயராக்கியது. ரசிகர்களில் பலர் அன்றுதான் அந்தக் கதையைத் தேடிப் படித்தார்கள். ஒரு சண்டையின் பயன் என்று இதைத்தான் நான் காட்டமுடியும்.

2012இல் 'ஸ்கைஃபால்', பாண்டின் பூர்வீக வீடு. அடுத்த படம் 'ஸ்பெக்டர்'. அதற்குப் பிறகான படத்துக்கு 'ஷாட்டர்ஹேண்ட்' என்று வெகுநாள் பேச்சு அடிபட்டது. 1964 நாவலில் வில்லனின் மாற்றுப்பெயர் அது, சனாதனிகள் தயாராகிவிட்டார்கள். 2019 ஆகஸ்டில் அறிவித்தது 'நோ டைம் டு டை'. ரசிகர்கள் உடனே தோண்டி எடுத்தார்கள்: 1958இல் இதே பெயரில் ஒரு யுத்தப் படம் உண்டு. தயாரித்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ப்ராக்கலி, இயக்கியவர் டெரன்ஸ் யங், பின்னால் 'டாக்டர் நோ'வை உண்டாக்கிய அதே ஆட்கள். கொள்ளைநோயால் தள்ளிப்போய் 2021இல் வந்த அந்தப் படத்தில் பாண்ட் செத்துப்போகிறார். செத்த பிறகும் திரையில் வழக்கமான வாசகம்.

2025 பிப்ரவரியில் ப்ராக்கலி குடும்பம் படைப்பு அதிகாரத்தை அமேசானிடம் ஒப்படைப்பதாக அறிவிப்பு வந்தது. ஜூனில் டெனி வில்நெவ் இயக்குநர் என்றார்கள். பட்டியல்கள் மறுபடி புறப்பட்டன, 'த ப்ராபர்ட்டி ஆஃப் எ லேடி' மறுபடி மேலே. அதே வருஷம் ஜனவரி முதல் தேதி, இதைவிட முக்கியமென்று நான் நினைக்கும் ஒன்று ஓசையில்லாமல் நடந்துபோயிற்று. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த வருஷத்துக்குப் பிறகு அறுபது வருஷம் பதிப்புரிமை. ஃப்ளெமிங் உயிரோடிருந்தபோது வெளியான நாவல்களுக்கு இங்கே அது முடிந்துவிட்டது. பிரிட்டனில் எழுபது வருஷம் என்பதால் அங்கே 2034 கடைசி வரை இருக்கிறது. தலைப்புக்குத் தனியே பதிப்புரிமை கிடையாது என்று நம் உச்சநீதிமன்றம் 2015இல் 'தேசி பாய்ஸ்' வழக்கில் சொல்லியிருக்கிறது. வியாபாரச் சின்னம் வேறு கணக்கு, அதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். 'குவாண்டம் ஆஃப் ஸோலஸ்' 1960இல் நூலாக வந்தது. அந்தக் கதையை மொழிபெயர்க்க உட்கார்ந்திருக்கிறேன். முதல் பக்கம் முடிந்துவிட்டது. தலைப்புக்கு 'துளி ஆறுதல்' என்று போட்டு அடித்தேன், 'ஆறுதலின் அளவு' என்று போட்டு அடித்தேன். இப்போதைக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது. யாராவது எழுதினால் பதில் போடுவேன்.